மூச்சு வரும் பக்கம்

கறுப்புத் தட்டிலிருந்த உண்ணிகள் எல்லாமே ஜெயபாலன் பக்கத்து விளிம்பில் குவிந்திருந்தன. மாயாண்டி பக்கம் ஒன்றுகூட இல்லை.

மலேசியாவில், சிம்பாங் பூலாய்க்கு உள்ளே, மூடிக் கிடந்த ரப்பர்த் தோட்டத்தின் பழைய மருந்தகம் அது. காட்டெலிகளைப் பிடித்து, காய்ச்சல் பரப்பும் சிவப்பு உண்ணிகளைச் சேகரிப்பதுதான் இருவருக்கும் வேலை. லாலான் புல்லுக்குள் கறுப்புத் தட்டை வைத்தால் தூசி தூசியாக ஏறிவரும். எந்தப் பக்கம் மூச்சு வருகிறதோ, அந்தப் பக்கம் நகரும்.

எலிக்கூண்டுகளை ஏற்றிக்கொண்டு காலையில் வண்டி ஈப்போ நகரத்துக்குப் போன பிறகுதான் மாயாண்டிக்குக் காய்ச்சல் முற்றியது. அக்குளில் உண்ணி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு. அதற்குள் வெள்ளம் பாலத்தை மூடிவிட்டது. மாயாண்டி, ஜெயபாலன் மனைவியின் ஒரே அண்ணன். ஜெயபாலன்தான் அவனை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டவன். ஏதாவது ஆகிவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"தண்ணி, மச்சான்," மாயாண்டி முனகினான்.

"இப்பதானே குடிச்சே லா. பேசாம படு, வண்டி வந்துரும்."

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டே இருக்க, மண்ணெண்ணெய் விளக்கின் புகையும் ஈர எலிமயிரின் வீச்சமும் தொண்டையை அடைக்க, இருவருக்கும் நடுவில் ஸ்டூலில் இருந்த தட்டை ஜெயபாலன் மெல்லத் திருப்பி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். சிவப்புப் புள்ளிகள் தட்டைக் கடந்து மறுபடியும் இவனிடமே வந்தன.

தட்டை மாயாண்டியின் மூக்கருகே பிடித்தான்.

"சனியன்களே, அங்க போங்களேன்!"

போகவில்லை.

"என்னா பண்றே, மச்சான்?" மாயாண்டி கேட்டான். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

ஜெயபாலன் அவன் நெற்றியைத் தொட்டான். சில்லென்றிருந்தது. "முருகா! காய்ச்சல் விட்டுருச்சு மச்சான்!" அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில் அவன் நெஞ்சில் கை வைத்தான்.

நெஞ்சு ஏறவில்லை. இறங்கவுமில்லை.

கையை இழுத்தான். முடியவில்லை. மாயாண்டியின் விரல்கள் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. இரும்புப் பிடி.

"விடு மச்சான்."

"எங்க போறே? ஒக்காரு லா. இப்ப எவ்வளவோ தேவல எனக்கு."

மாயாண்டி சிரித்தான். வாயிலிருந்து காற்றே வரவில்லை. அவன் காது மடலிலிருந்து, கழுத்திலிருந்து, அக்குளிலிருந்து, சிவப்பு சிவப்பாக, சாரி சாரியாக, குளிர்ந்த கை வழியே இறங்கி ஜெயபாலன் மேல் ஏறிக்கொண்டிருந்தன.