ஏழாம் மாடியில் கம்பி இல்லை

படத்தில் சாம்பசிவன் மாமாவின் கால் தரையில் பாவவில்லை. செருப்புக்கும் மூன்றாம் மாடித் தரைக்கும் நடுவே ஒரு நூல் கனத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. சனிக்கிழமை அவரை அங்கே கொண்டுபோய் வைத்தபோது சுப்ரியா கண்ணைச் சுருக்கிப் பார்த்துச் சரியாக இறக்கி, காலடியில் நிழல்கூடப் போட்டிருந்தாள். ஒன்பது வருஷமாகக் கம்ப்யூட்டரில் கட்டடப் படம் போடுகிறவள். ஆளை அந்தரத்தில் விடுவது கற்றுக்குட்டிகள் செய்கிற பிழை. மவுஸால் அவரைப் பிடித்து ஒரு இம்மி கீழே இழுத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் அந்த வெளிச்சம் மறுபடியும் இருந்தது.

கண் களைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவள் அரளக்கூட இல்லை, தூக்கம்தான் போதவில்லை.

அலுவலகம் நகரத்துக்கு வெளியே கழக்கூட்டத்தில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தது. அங்கே குளிர்காற்றில் உட்கார்ந்துகொண்டு, நகரத்துக்குள்ளே கரமனையில் ஒரு தெருவையே இடித்துத் திருப்பிக் கட்டத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் முப்பத்திரண்டு ஓட்டு வீடுகள் போய்ப் பத்து மாடி வரும். கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், அதற்கு மேல் குடியிருப்பு. வீட்டுக்காரர்களில் இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் வேலையைத் தொடங்கலாம். இருபது பேர் போட்டாயிற்று. பன்னிரண்டு பேர் முடியாது என்று நின்றார்கள். வெள்ளிக்கிழமை தெருவில் பொதுக்கூட்டம் வைத்திருந்தார்கள். வரப்போகிற கட்டடம் எப்படி இருக்கும் என்று அங்கே காட்டுவதற்கான படம் சுப்ரியாவின் பொறுப்பு.

இந்த மாதிரிப் படத்தில் கட்டடத்தை மட்டும் வரைந்தால் சுடுகாடு மாதிரி இருக்கும், ஆட்களை நடமாட விட வேண்டும். அதற்கென்றே வெட்டித் தயாராக வைத்த ஆட்கள், பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், இணையத்தில் கிடைப்பார்கள். அவள் முதலில் அவர்களைத்தான் போட்டாள். நிறுவனத்தை நடத்தும் சிவதாணு, நாகர்கோவில் பக்கத்துக்காரர், படத்தைப் பார்த்து எகிறினார்.

"கரமனையில எந்த சாயிப்பு நாயப் பிடிச்சுக்கிட்டு நடக்கான்? தெருவுல உள்ளவன் முகத்தப் போடு, கேட்டியா? தன் முகத்தப் பாத்தா எவனும் மசிவான்."

தெருவில் உள்ளவர்களின் முகம் அவளிடம் இருந்தது. அளவெடுக்கப் போன அன்று எடுத்த போட்டோக்கள். கையெழுத்துப் போட்டவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட, முடியாது என்றவர்கள்தான் வாசலுக்கு வந்து வழி மறித்துச் சத்தம் போட்டார்கள். ஆகவே படத்தில் விழுந்தது அவர்கள்தான், மொத்தம் எட்டுப் பேர். ஒருவரிடமும் கேட்காமல் எட்டுப் பேரையும் வெட்டியெடுத்தாள். சாம்பசிவன் மாமா அவளை அடிக்க ஓங்கிய குடையை அழித்துவிட்டுக் கையில் ஒரு காகிதப் பையைக் கொடுத்து, மூன்றாம் மாடியில் நிறுத்தினாள். லலிதாம்பாள் மாமி முகத்தைச் சுளித்துக்கொண்டு, "என்னை எதுக்குடி பிடிக்கறே? நான்தான் போடமாட்டேன்னு சொல்லியாச்சே" என்று கேட்ட நிமிஷத்தில் படத்தில் விழுந்திருந்தாள். வாயின் இரண்டு ஓரத்தையும் பிடித்து மேலே இழுத்துவிட்டாள். மாமி சிரித்தாள். சிரிக்கிற மாமியை ஐந்தாம் மாடி பால்கனியில் வைத்தாள். எருது நோவு காக்கைக்குத் தெரியுமா என்ன.

"ஒரு குழந்தை வேணுமே" என்றார் சிவதாணு.

தெருவில் குழந்தை யாரும் படத்தில் விழவில்லை. அவள் போனில் மீனு இருந்தாள், ஆறு வயது மகள். பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த லைட் ஷூவைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, படம் பிடிக்கிற அம்மாவை நோக்கி ஓடி வருகிறாள். அம்மாவைக் கண்டால் நடக்கத் தெரியாது அவளுக்கு, ஓட்டம்தான். சுப்ரியா அவளை ஏழாம் மாடி பால்கனியில் வைத்தாள்.

"கம்பி முகத்த மறைக்கி. அத எடுத்திரு."

"பால்கனிக்குக் கம்பி இல்லாம எப்படி சார்?"

"படத்துல தானே சுப்ரியா. பிள்ளை விழவா போகு?"

கம்பியை எடுத்தாள்.

புதன்கிழமை காலையில் மழை பிடித்துக்கொண்டது. பள்ளி வேன் வரும் நேரத்தில் மீனு வாசலில் நின்று குதித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஷூவுல லைட்டு எரியல்ல."

அடியில் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"எரியுதே மோளே. நல்லா ஓங்கிச் சவுட்டு."

மீனு ஓங்கி மிதித்தாள். எரியவில்லை, மிதித்த சத்தமும் கேட்கவில்லை. மழைச் சத்தத்தில் எதுதான் கேட்கிறது என்று சுப்ரியா குழந்தையை வேனில் ஏற்றிவிட்டாள்.

அலுவலகத்தில் சிவதாணு குஷியாக இருந்தார். சாம்பசிவன் வீடு பூட்டிக் கிடக்கிறதாம், அவர் போன இடம் யாருக்கும் தெரியவில்லையாம். இன்னும் ஐந்து வீடுகளிலும் அப்படித்தானாம். "கதவுல நோட்டீஸ ஒட்டு. வெள்ளிக்கிழமைக்குள்ள வாயத் தொறக்கல்லேன்னா எதிர்ப்பு இல்லேன்னு எடுத்துக்கலாம்" என்றார். சுப்ரியாவுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன். லலிதாம்பாளைக் கடைசியாக ஒருமுறை பார்த்துப் பேசிவிட்டு வரும்படி அவளை அனுப்பினார்.

கரமனையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி ஆறுகூட ஆகவில்லை, ஆனால் மழை பகலை முன்கூட்டியே சுருட்டி வைத்துவிட்டது. ஆற்றிலிருந்து வந்த சேற்று வாடையும் ஊறிப்போன ஓட்டின் பாசி நெடியும் தெருவில் கலந்து நின்றன. இரண்டு பக்கமும் ஓட்டு விளிம்பிலிருந்து வரிசை வரிசையாக நீர் சொட்டுகிற ஓசை, யாரோ பல பேர் மெல்லப் பின்னால் நடந்து வருகிற மாதிரி அவளைத் தொடர்ந்து வந்தது. சாம்பசிவன் மாமா வீட்டு வாசலில் அவருடைய குடை கிடந்தது. மழை நாளில் குடையைப் போட்டுவிட்டு எங்கே போனார் என்று ஒரு கணம் தோன்றியது. நோட்டீஸைக் கதவில் ஒட்டிவிட்டு நடந்தாள்.

மாமி வீட்டுக் கதவு திறந்திருந்தது. விளக்கில்லை. உள்ளே நல்லெண்ணெய் வாடை, ஈரத் துணி வாடை, அதற்கு அடியில் நாலைந்து நாளாகக் குளிக்காத உடம்பின் புளித்த வாடை. எங்கிருந்தோ கயிறு கல்லில் உராய்கிற சத்தம், கிறீச், கிறீச் என்று மூச்சு விடும் இடைவெளியில் வந்தது.

"மாமி?"

"இங்கேதான். வா."

குரல் உயரத்திலிருந்து வந்தது. பின்கட்டில் மங்கலாக மாமியின் உருவம் தெரிந்தது. முக்காலி போட்டு நின்று பரணில் எதையோ தேடுகிறாள் என்று நினைத்தாள்.

முக்காலி இல்லை.

மாமியின் பாதங்கள் தரைக்கு மூன்றடி மேலே தொங்கின. இடுப்பில் கொடிக்கயிறு. அதன் மறுமுனை ஆட்டுக்கல்லில் கட்டியிருந்தது. பட்டத்தின் நூல் மாதிரி கயிறு விறைத்து நின்றது. தலை உத்தரத்தில் இடித்து, கழுத்து ஒரு பக்கமாக மடங்கியிருந்தது. அந்த முகம் சிரித்தது. சுப்ரியா இழுத்துவிட்ட அதே சிரிப்பு, ஒரு இம்மி கூடாமல் குறையாமல். கண்களிலிருந்து நீர் அந்தச் சிரிப்பில் இறங்கி வடிந்தது.

"வாய மூட முடியலடி. என்ன பண்ணினே என் மூஞ்சிய?"

சுப்ரியா ஓர் அடி பின்னால் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழம பாய்ல படுத்தேன், முதுகுல பாய் படல்லே. தெனம் தெனம் தூக்கறது. சாம்பசிவன் ஓட்டுக்கு மேல போனத நான் பாத்தேன். காப்பாத்துங்கோன்னு கத்தினேன். சிரிப்பாத்தான் வந்தது." கயிறு கிறீச்சிட்டது. "எங்கடி கொண்டு வெச்சிருக்கே என்னை?"

"அஞ்சாவது... அஞ்சாவது மாடியில, மாமி."

"நான்தான் போடமாட்டேன்னு சொன்னேனே."

அப்போதுதான் அவளுக்கு அந்த ஷூ ஞாபகம் வந்தது. விரலால் அழுத்தினால் எரிந்தது. மிதித்தால் எரியவில்லை.

போனை எடுத்துச் சிவதாணுவைக் கூப்பிட்டாள். "சார், படத்துல உள்ள ஆட்களை எடுக்கணும். எல்லாரையும். இப்பவே."

"என்னத்த எடுக்க? போர்டு அச்சாகி வந்தாச்சு. தெருவுல ஆத்துப் பக்கத்து முனையில ஏத்திட்டான். போய்ப் பாரு, சூப்பரா இருக்கு."

போனை வைப்பதற்குள் அது மறுபடி அடித்தது. கணவன் வினீத்.

"எங்க இருக்க? மோளுக்கு அவ படத்தப் பாக்கணுமாம். ஒரே பிடிவாதம். கரமனையில போர்டு பக்கத்துலதான் நிக்கோம்."

"வினீத், அவ கையப் பிடி. விட்றாதே."

"பிடிச்சுத்தான் இருக்கேன். என்ன சுப்ரியா இவ, இப்படிக் கனமே இல்லாம..."

போன் எங்கோ விழுகிற சத்தம். அப்புறம் மழை மட்டும்.

அவள் ஓடினாள். "கயித்தப் பிடிச்சுக்கோடி, அவுந்துடும்" என்று மாமி பின்னால் கெஞ்சியது கேட்டது. கேட்டும் ஓடினாள். முற்றம் தாண்டும்போது கயிறு கல்லை விட்டு உருவிக்கொள்ளும் சத்தம். ஓடுகள் உடையும் சத்தம். சிரிப்பு. அது மேலே போய்க்கொண்டே இருந்தது.

தெரு. இருட்டு. சொட்டு ஓசை.

தெரு முனையில் இருபதடி போர்டு, நான்கு விளக்கு வெளிச்சத்தில். பத்து மாடிக் கட்டடம் பளபளவென்று நின்றது. கடைகள் இருந்தன. பால்கனிகள் இருந்தன. ஆட்கள் இல்லை. ஒருவர்கூட இல்லை.

போர்டுக்குக் கீழே வினீத். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கியபடி நின்றான். விரல்களில் மீனுவின் சிவப்பு ரிப்பன். முகத்தில் மழை விழுகிறது, துடைக்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளும் பார்த்தாள்.

ஓட்டுக் கூரைகளுக்கு மேலே ஒன்றுமே இல்லாத வானம். அந்த ஒன்றுமில்லாததில் அவர்கள் நின்றார்கள். கீழிருந்து தெரிந்தது பாதங்கள்தான். சுமார் முப்பதடி உயரத்தில் ஒரு ஜோடிச் செருப்பு, பக்கத்தில் தொங்கும் ஒரு காகிதப் பை. அதற்கு மேலே வெறுங்கால்கள், இடுப்பிலிருந்து தொங்கி ஆடும் ஒரு கயிறு. இங்கே இரண்டு பேர். அங்கே நான்கு பேர். எல்லோரும் அவள் வைத்த இடத்தில். அவள் வைத்த மாதிரியே.

எழுபதடி உயரத்தில் இரண்டு சின்ன ஷூக்கள்.

அந்த பால்கனி நாலடி அகலம். அளவு போட்டது அவள்தான். விளிம்புக்கும் மீனுவுக்கும் நடுவில் ஒன்றரை அடி விட்டிருந்தாள். அதுவும் அவள்தான். கம்பி இருந்த இடத்தில் இப்போது மழை பெய்துகொண்டிருந்தது.

கூப்பிடக் கூடாது. எதற்கும் கூப்பிடக் கூடாது. அவள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். வினீத்தின் வாயையும் பொத்த ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"மீனூ!" என்று வினீத் அலறினான். "அம்மா வந்தாச்சு! இங்க பாரு, அம்மா!"

மேலே ஒரு சின்ன முகம் எட்டிப் பார்த்தது. இரண்டு கைகள் விரிந்தன.

மீனுவின் காலுக்கு ஒன்றரை அடி என்பது இரண்டு எட்டு.

முதல் எட்டுக்கு விளக்கு பளிச்சென்று சிவப்பாக எரிந்தது.