நான்காம் மேசை அம்மாள்

வைவா எனும் வாய்மொழித் தேர்வு நாளில் மாளவிகாவின் வயிறு அமைதியாக இருந்தது. அதுதான் அவளுக்குப் புரியவில்லை.

திருவனந்தபுரத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்ததிலிருந்து, தேர்வு என்றாலே அவள் வயிறு இரையும். பின்னாலேயே கழிப்பறைக்கு ஓட்டம். பயந்த மூளை நரம்பு வழியே சேதி அனுப்ப, குடல் உள்ளதையெல்லாம் அவசரமாக வெளியே தள்ளுகிறது; இதைப் படித்தும் ஓட்டம் நிற்கவில்லை. போன வைவாவில் பாதிக் கேள்வியில் எழுந்தவள், வாசலிலேயே உடை நனைந்து நின்றாள். "மாளுவோட வயிறு மணி அடிச்சாச்சு," என்றான் உடன் படிக்கும் அகில். வகுப்பே சிரித்தது. இன்றும் தோற்றால் ஒரு வருடம் போய்விடும்.

உடற்கூறு கூடத்து பெஞ்சில், பிணங்களைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினின் கண்ணை எரிக்கும் நெடிக்குள், மின்விசிறியின் கறகறப்பையும் ஓட்டில் கொட்டும் காலை மழையையும் மீறி, அவளுக்கு நன்றாகத் தெரிந்த அந்த இரைச்சல் கேட்டது. தன் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். எந்த வயிற்றிலும் நிமிடத்துக்கு நாலைந்து சத்தமாவது இருக்கும்.

ஒன்றுமில்லை.

இரைச்சல் நான்காம் மேசைக்கடியிலிருந்து வந்தது. மூடி போட்ட வாளி.

போன வாரம், உடலைத் தானம் செய்து அந்த மேசையில் கிடக்கும் அம்மாளின் குடலை அவள்தான் வாளிக்குள் இறக்கினாள். வெட்டியெடுத்த குடல்கூட மூளையின் உத்தரவில்லாமல் சற்று நேரம் நெளியும். ஆனால் இது இரண்டு வருடம் மருந்தில் ஊறியது. இறக்கும்போது மனசுக்குள் கேட்டிருந்தாள்: என் வயித்தோட இரைச்சலையும் நீங்களே வெச்சுக்கோங்கோ.

காது மடல் சுட்டது. செத்தவரிடம் போய் இதைக் கேட்டிருக்கிறாளே.

தேர்வறையிலிருந்து பேராசிரியர் பத்மஜா அவள் பெயர் சொல்லி அழைத்தார். வாளியின் மூடி எழும்பியது. விழுந்தது. மறுபடி.

அட்டெண்டர் ராஜையன் வந்தார். பார்த்தார். வாளிமேல் உட்கார்ந்தார்.

"வருஷா வருஷம் ஒரு பிள்ளை தன் பயத்த இப்படி இவங்ககிட்ட குடுத்திட்டுப் போவும்," என்றார். "நீ போ மக்களே."

போனாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நான்காம் மேசை. வெள்ளைத் துணி இடுப்புக்குக் கீழே நனைந்துகொண்டிருந்தது. சொட்டு. தரையில் சொட்டு. துணிக்கு வெளியே இரண்டு கைகள். அவை வெட்கப்பட்டவரைப் போல அம்மாளின் முகத்தைப் பொத்தியிருந்தன.

மாளவிகா தேற வழி இதுதான்: அவள் பேசி முடிக்கும்வரை, வாளியின் மூடிமேல் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.