ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு குற்றவாளி

அக்தர் பானு மேஜைமேல் வைத்த ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி உட்கார்ந்திருந்தது.

"இதுதான் டீச்சரம்மா. எங்க கார்கானாவுல நாலு பிள்ளைகள கடிச்சிட்டு. கப்பல்ல வந்த மரப்பெட்டியோட வந்த விஷப்பூச்சின்னு சொல்லுதாவ. உம்மாமார் யாரும் பிள்ளைய வேலைக்கு அனுப்ப மாட்டேங்காவ. இந்த வாரம் பேக் தைச்சுக் குடுக்கலைன்னா கார்கானாவ மூட வேண்டியதுதான்."

தாராவியில் தோல்பை தைக்கும் அந்தக் கார்கானாதான் கணவனை இழந்த அக்தர் பானுவுக்கு ஒரே பிழைப்பு. கல்லூரியில் விலங்கியல் நடத்தும் விஜயலக்ஷ்மியைத் தேடி மாட்டுங்காவுக்கு இப்படிப் பாட்டிலும் டப்பாவுமாக ஆட்கள் வருவது வழக்கம். அவர் கணவர் அனந்தநாராயணன் ரயில்வே குமாஸ்தா. மனைவி துப்பறியக் கிளம்பினால் லீவு போட்டுவிட்டுக் கூடவே ஓடுகிற ஆசாமி.

விஜயலக்ஷ்மி பாட்டிலை நிதானமாகத் திருப்பினார். தட்டையான உடம்பு, முகத்துக்கு முன்னால் வெளுத்த பட்டை, வயிற்றுக்கடியில் காசுபோல வட்டமான முட்டைப்பை.

"கப்பல்ல வந்த ஜாதிதான். ஆனா வந்து எத்தனையோ காலமாச்சு. நம்மாத்துக் குளியலறைலகூட ஒண்ணு கரப்பானைத் தின்னுண்டு இருக்கே!"

"நம்மாத்துலயா?" அனந்தநாராயணன் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"கடிச்சா குளவி கொட்டினாப்பல வலிக்கும், அவ்வளவுதான். மத்ததை இடத்தைப் பாத்துட்டுச் சொல்றேன்."

விளக்கேற்றும் நேரத்துக்கு மூவரும் கார்கானா மாடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மாஹிம் பக்கத்துச் சதுப்பு, மழை ஓய்ந்து ஈரம் காயாமல் கிடந்தது. உள்ளே இருட்டு மூலையில் மரப்பெட்டிகள். நடுவில் டியூப்லைட், அதன் கீழே தையல் மெஷின்கள். தையல்காரப் பெண் மெஹராஜை அவள் தாய் நஜ்முன்னிசா வாசலைத் தாண்ட விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மெஹராஜின் முழங்கை மடிப்பில் நீளக் கோடாகச் சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது.

"கையை மடக்கும்மா."

மடக்கியதும் மேல்கைத் தடமும் கீழ்க்கைத் தடமும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தின.

"கடிச்சப்போ வலிச்சுதா?"

"கடிச்சதே தெரியாது டீச்சர். மறுநா எழும்பும்போதுதான் எரியுது."

பெட்டிகளை அடுக்கும் வெயிலுமுத்துவின் கைகளையும் விஜயலக்ஷ்மி பார்த்தார். ஒரு கீறல் இல்லை. "தெனமும் பெட்டிய ஒடைக்கது நான்தான்" என்றான் அவன்.

"இந்த டியூப்லைட் எப்போ போட்டது?"

"போன மாசம். மஞ்ச பல்புல கண்ணு வலிக்குன்னு பிள்ளைக சொல்லிச்சு. நாந்தான் போட்டேன்" என்றாள் அக்தர் பானு.

அப்போது தையல் பலகைமேல் ஏதோ சிறிதாக விழுந்தது. "எறும்பு" என்று அனந்தநாராயணன் கட்டைவிரலை நீட்டினார்.

"ஏன்னா! கையை எடுங்கோ!"

கல்யாணமான நாளாக அவர் கேட்டறியாத குரல் அது. விரல் அந்தரத்திலேயே நின்றுவிட்டது. விஜயலக்ஷ்மி அதை ஒரு காகிதத்தில் ஏற்றிக் காட்டினார். எறும்பளவு வண்டு, சிவப்பும் கறுப்புமாகப் பட்டைகள்.

"குற்றவாளி இதுதான். பெட்டியில விஷம் இருந்தா முதல்ல வெயிலுமுத்துவைத்தான் பிடிச்சிருக்கும். வெளிச்சத்துக்குக் கீழ உக்காந்தவாளுக்கு மட்டும்தான் வந்திருக்கு. மடிப்போட ரெண்டு பக்கமும் ஒரே அச்சு இருந்தா, நடுவுல ஏதோ நசுங்கியிருக்கணும். இது கடிக்காது, கொட்டாது. மழைக்கப்புறம் வெளிச்சத்தைத் தேடி வரும். எறும்புன்னு தேய்ச்சா இதோட ரசம் தோலைப் பொசுக்கிடும், மறுநாள்தான் தெரியும். மேல விழுந்தா ஊதி விடுங்கோ. நசுங்கிட்டா உடனே சோப்புப் போட்டு அலம்புங்கோ."

அக்தர் பானு அண்ணாந்து பார்த்தாள். "அப்ப பிள்ளைகளுக்கு இந்த வேதனைய இழுத்து விட்டது நான் போட்ட லைட்டா?" அதுவரை கலங்காத கண்கள் நிறைந்துவிட்டன.

நஜ்முன்னிசா வாசலைத் தாண்டி உள்ளே வந்து டியூப்லைட்டை அணைத்தாள்.

"எம் பிள்ளை கண்ணு வலிக்கக் கூடாதுன்னுதான லாத்தா போட்டிய? பகல்ல தைக்கட்டும். விடிஞ்சதும் மெஹராஜ அனுப்புதேன். மத்த உம்மாமார்ட்ட நான் பேசிக்கிடுதேன்."