மர்டோவுக்கு விட்ட இடம்

பல்சக்கர ரயில் மக்டலினை இறக்கிவிட்டு மறுபடி மலையிறங்கியபோது, மேடையில் மிஞ்சியது அவளும் அவளுடைய பெட்டியும்தான். 1986 நவம்பர். கோடைக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். பனிச்சறுக்குக்கு வருகிறவர்கள் இன்னும் வரவில்லை. கிராமத்தில் பாதி வீடுகளின் ஜன்னல்கள் பலகை போட்டுக் கிடந்தன. மூடுபனி தெரு நடுவில் வந்து குந்தியிருந்தது.

ஓட்டல் முதலாளியம்மா ஏபர்சோல்ட் சாவிக்கொத்தை அவள் கையில் வைத்தார். தான் பள்ளத்தாக்கிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போவதாகவும், ஆட்கள் வரத் தொடங்கும் முன் எல்லா அறைகளையும் கழுவித் துடைத்து வைக்கவேண்டும் என்றும் சொன்னார். மக்டலினுக்கு விளங்குவதற்காக ஜெர்மன் மொழியை ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

"பின்கதவை மட்டும் திறக்காதே. குளிர் உள்ளே வந்தால் குழாயெல்லாம் உறைந்துவிடும்."

சொல்லும்போது அவர் மக்டலினின் முகத்தைப் பார்க்கவில்லை.

அசூல் என்கிற அகதித் தஞ்சம் கேட்டு வந்து மாதக்கணக்கில் முகாமில் கிடந்தவளுக்கு இந்த வேலை பெரிய விஷயம். அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, மெத்தைகளைத் தட்டி, தரையைத் தேய்த்தாள். பேசுவதற்கு ஒரு சீவனும் இல்லை. மத்தியானம் கழிந்ததுமே சூரியன் எதிர்மலைக்குப் பின்னால் போய்விடும். அதன்பிறகு அவ்வளவு பெரிய கட்டடத்தில் கேட்பது அவளுடைய வாளியின் சத்தம் ஒன்றுதான்.

ஒருநாள் சலவை அறையில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். சவர்க்கார வாசத்துக்கு நடுவே வேறொரு மணம் வந்தது.

ஊறிய கயிறு. கடற்பாசி. மீன்செதில்.

மன்னார்க் கரையில் பிறந்து வளர்ந்தவள் அவள். அந்த மணத்தை அவளுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இது மலையுச்சி. இந்த நாட்டில் கடலே கிடையாது.

பிறகு பின்கதவில் யாரோ தட்டினார்கள். பலமாக அல்ல. விரல் மடக்கத் தெம்பில்லாதவர் உள்ளங்கையால் தட்டுவதுபோல.

அவள் விரிப்பை நெஞ்சோடு அணைத்தபடி அசையாமல் நின்றாள். தட்டுவது நின்றது. மணம் மட்டும் வெகுநேரம் போகவில்லை.

மறுநாளும் தட்டியது. அதற்கடுத்த நாளும்.

ஞாயிற்றுக்கிழமை, கீழே நகரப்பக்கம் பூம்ப்ளிஸிலிருந்து சிநேகிதி இந்திரா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"உன்ரை குரல் ஒரு மாதிரிக் கிடக்கு. என்னடியப்பா, பயமாக் கிடக்கோ?"

"பயமில்லை."

"பொய் சொல்லாதை. அங்கை தனிய இருக்காதை, இஞ்சை வந்திடு."

"இல்லை இந்திரா. ஒருவேளை அவர்தானோ எண்டு நினைக்கிறன்."

அவர் யாரென்று இந்திராவுக்கு விளங்கியது. மக்டலினின் புருசன் சந்தியோகு மீன்பிடிக்கப் போன வள்ளம் ஆளில்லாமல் கரையொதுங்கி ஒன்றரை வருசம். உடல் கிடைக்கவில்லை. கடற்படை பிடித்ததென்றார்கள், சுட்டதென்றார்கள். மச்சாள்மார் மரித்தோர் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லி நச்சரித்தார்கள். மக்டலின் மறுத்துவிட்டாள். பூசை வைத்தால் தானே அவரைக் கொன்றதாகிவிடும் என்று அவளுக்குப் பட்டது. தாலி இன்னும் அவள் கழுத்தில்தான் இருந்தது.

"அப்பிடி நினையாதை மக்டலின்," என்றாள் இந்திரா. "கதவைத் திறந்துபோடாதை."

அன்று பின்னேரம் மறுபடி தட்டியது. தட்டுவது இப்போது இன்னும் தளர்ந்திருந்தது. குளிரில் நிற்கிற ஆள், நம்பிக்கை விட்டுப்போகிற ஆள் தட்டுகிற மாதிரி.

அவள் தாழ்ப்பாளை நீக்கினாள்.

வெளியே மூடுபனியும் வெள்ளைத் தரையும்தான். பனியில் ஒரு காலடித்தடம்கூட இல்லை.

"நீங்களோ?" என்று மெல்லக் கேட்டாள். "வாங்கோ... உள்ளுக்கு வாங்கோ."

ஈரக்குளிர் ஒன்று அவளுடைய தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது. கடல்மணம் மூச்சை அடைத்தது. அவள் கண்ணை மூடினாள். அழுகை வந்தது.

முதுகுக்குப் பின்னால், தாழ்வாரப் பலகையில், காலடிச் சத்தம் கேட்டது.

ஆணியடித்த கனத்த சப்பாத்துகள்.

சந்தியோகு சீவியத்தில் ஒருநாளும் சப்பாத்துப் போட்டதில்லை.

அதன்பிறகு ஓட்டலில் அவள் தனியாக இல்லை. மேல்மாடியில் யாரோ இருமினார்கள். நெஞ்சு கிழியும் நீண்ட இருமல். அவள் விரித்துவிட்டு வந்த கட்டிலில் தலையணை நனைந்து கிடந்தது. தொட்ட விரலை நாக்கில் வைத்தாள், உப்புக் கரித்தது. ஜெபமாலையை உருட்டிக்கொண்டு அடுப்படியிலேயே படுத்தாள். ஓடிவிட நினைத்தாள். ஓடினால் வேலை போகும், திரும்ப முகாம்தான். அதைவிடப் பெரிய வேதனை வேறொன்று. தன் புருசனுக்கென்று திறந்த கதவால் முன்பின் அறியாத ஒரு சாவை அவளே அழைத்து உள்ளே விட்டிருந்தாள்.

அந்த வார முடிவில் ரயிலில் ஒரு வெள்ளைக்காரி வந்தார். வயது எழுபதுக்குக் கிட்ட. கழுத்தில் கமரா. பெயர் மோராக். ஸ்கொட்லாந்துக்கு மேற்கே ஒரு தீவில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். இப்போது தீவின் பழைய கதைகளைச் சேர்க்கிறவர். கிராமத்துச் சிற்றாலயத்தின் வெளிச்சுவரில் ஆங்கிலப் பெயர்கள் வெட்டிய கல்லொன்று உண்டு. ஞாயிறுகளில் மக்டலின் கடந்துபோகிற கல். அதைப் படம் எடுத்துவிட்டு, குளிரில் நடுங்கியபடி ஓட்டல் கதவைத் தட்டினார்.

மக்டலின் கன்னியர் மடத்தில் படித்த ஆங்கிலம் அன்றைக்கு உதவியது. அடுப்படியில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள்.

"முதலாம் உலக யுத்தத்திலை ஜெர்மன்காரரிட்டைக் கைதியாப் பிடிபட்டு, காயமும் நோயுமாக் கிடந்த எங்கடை ஆக்களை இந்த ஓட்டலிலைதான் வைச்சிருந்தவை," என்றார் மோராக். "எங்கடை தீவுப் பெடியன் ஒருத்தன், மர்டோ. மீன்பிடிகாரன். நச்சுப்புகையாலை நெஞ்சு அவிஞ்சு போனவன்."

மேல்மாடியில் இருமல் கேட்டது.

மோராக் கோப்பையை வைத்தார். "வேறை ஆரும் தங்கியிருக்கினமோ?"

"இல்லை."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

மோராக்கின் குரல் தணிந்தது. "காய்ச்சல் முத்தின நேரம், வள்ளம் வந்திட்டுது எண்டு சொல்லிக்கொண்டு பனிக்குள்ளை இறங்கிப் போயிருக்கிறான். கடலைத் தேடித்தான். பிறகு திரும்பி வந்து பின்கதவைத் தட்டியிருக்கிறான். ஒருத்தருக்கும் கேக்கேல்லை. விடியப் பாத்தால் படியிலை விறைச்சுக் கிடந்தவனாம். கூட இருந்தவன் ஒருத்தன் ஊருக்கு வந்து சொன்ன கதை இது."

மக்டலின் திரும்பிப் பின்கதவைப் பார்த்தாள்.

"எங்கடை தீவிலை, கடலைப் பாத்தபடி ஒரு நினைவுக்கல் நிக்குது," என்று மோராக் தொடர்ந்தார். "செத்த எல்லாற்றை பேரும் இருக்கு. மர்டோவின்ரை மட்டும் இல்லை, இஞ்சத்தைக் கல்லிலையும் இல்லை. வெட்டுறவன் உளியை வைக்க, தாய்க்காரி கல்லிலை கையை விரிச்சு வைச்சிட்டாளாம். என்ரை பிள்ளை வருவான், வெட்டவிடன் எண்டு. அவள் சாகுமட்டும் வீட்டுக் கதவைப் பூட்டேல்லை. அந்த இடம் இண்டைக்கும் வெறுமையாத்தான் கிடக்கு. வாற வசந்தத்திலை வெட்டப்போறம். அதுக்கு முன்னம் அவன் செத்த இடத்தைப் பாக்கத்தான் வந்தனான்."

மக்டலின் தலை கவிழ்ந்தபடி சொன்னாள்: "நான்தான் அவரை உள்ளுக்குக் கூப்பிட்டனான்."

மோராக் ஏன் என்று கேட்கவில்லை. எழுந்து பின்தாழ்வாரத்துக்குப் போனார். மக்டலின் பின்கதவை அகலத் திறந்து பிடித்தாள். அந்தக் கிழவி இருட்டான படிக்கட்டை நோக்கி, தன்னுடைய தீவுப் பாஷையில், பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், இரண்டு மூன்று சொற்கள் சொன்னார். மர்டோ என்ற பெயர் மட்டும் மக்டலினுக்கு விளங்கியது.

மேலே இருமல் நின்றது.

சப்பாத்துகள் படியிறங்கின. ஒவ்வொரு படியாக. தயங்கித் தயங்கி.

அவர்களுக்கு நடுவால் குளிர் கடந்து போனது. மோராக் கண்ணை இறுக்க மூடியிருந்தார். அவருடைய நரைமயிர் காற்றில்லாமல் அசைந்ததை மக்டலின் கண்டாள். வாசலுக்கு வெளியே மூடுபனி ஒரு ஆள் நுழையுமளவு விலகியது, பிறகு மூடிக்கொண்டது.

கடல்மணம் போய்விட்டது.

ரயிலேறும்போது மோராக் அவளுடைய கையைப் பிடித்தார். "பேரை வெட்டாமல் விட்டால் பிள்ளையள் வருவினம் எண்டு தாய்மார் நினைக்கினம். பேரில்லாட்டி அவைக்கு இருக்க இடமில்லை, பிள்ளை."

ரயில் கண்ணை விட்டு மறைந்த பிறகும் மக்டலின் மேடையில் நின்றாள். ஓட்டலுக்குப் போக மனம் வரவில்லை. இனி அங்கே இருமவும் ஆளில்லை. அந்த நினைப்பு அவளைப் பயமுறுத்தியதைவிடக் கூடுதலாக வாட்டியது. கத்தோலிக்கர் மரித்தோரை நினைக்கும் நவம்பர் மாதத்தின் கடைசி நாட்கள் அவை. மெல்ல நடந்து சிற்றாலயத்துக்குள் போனாள். உட்கார ஆளில்லாத வாங்குகள். ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள். ஒன்றரை வருசமாக வாயில் வராத மன்றாட்டை முதல்தடவையாகச் சொன்னாள்.

"நித்திய இளைப்பாற்றியை என்ரை புருசன் சந்தியோகுவுக்கு அளித்தருளும் ஆண்டவரே."

சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். அழுது ஓய்ந்து, கண்ணைத் துடைத்து, எழும்ப முழங்காலில் கை ஊன்றினாள்.

அவளுக்குப் பின்னாலிருந்த வாங்கில் யாரோ உட்கார்கிற சத்தம் கேட்டது.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. காதுக்கு வெகு கிட்ட, தமிழில், மூச்சு வாங்கியபடி, அவள் மறவாத அந்தக் குரல் சொன்னது:

"அவசரப்படாதை. வந்துகொண்டுதான் இருக்கிறன்."