ஹன்னாவின் கடிதம் காணாமற்போன மாலை

மாலை 5.05.

"கடிதத்தைக் காணேல்லை," என்றாள் பேர்ணடெற்.

1996 மார்ச், ஒரு சனிக்கிழமை. கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பாடசாலை மண்டபத்தின் பின்புறம், நடிகர்கள் உடை மாற்றுவதற்காக ஒதுக்கிய வகுப்பறை. நடுவே தையல்பொம்மை ஒன்று நீலக் கவுன் அணிந்து நின்றது. அந்தக் கவுனின் பக்கப் பிளவுக்குள் வலக்கையை விட்டபடி அசையாமல் நின்றாள் பேர்ணடெற். நாடகத்தின் நாயகி ஹன்னாவாக நடிப்பவள் அவள்தான். ஆறரைக்குத் திரை திறக்க வேண்டும். நானூறு ரிக்கற் விற்றாயிற்று. மண்டபம் இந்த ஒரு நாளுக்குத்தான்.

"வடிவாய்ப் பார்த்தனீரோ?" செலீன் கேட்டாள்.

"பைக்குள்ளை இல்லை அக்கா. கீழையும் இல்லை."

செலீனுக்கு நாற்பத்தாறு வயது. மோர்னிங்சைட்டில் உடை திருத்தும் கடை வைத்திருந்தாள். ஒருவருடைய பழைய காற்சட்டையைக் கையில் கொடுத்தால், அவர் எந்தக் காலை ஊன்றி நிற்பவர், எந்தப் பக்கம் சாவிக்கொத்து வைப்பவர் என்று சொல்லிவிடுவாள். நாடகத்தின் உடைகள் எல்லாம் அவள் தைத்தவை.

அவள் கவுனைத் தூக்கி, உள்ளே பொம்மையின் இடுப்பில் நாடாவால் கட்டியிருந்த துணிப்பையை அவிழ்த்தாள். நாடகம் நடக்கும் பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்கப் பெண்களின் உடையில் பை தைப்பதில்லை. தனிப்பையை இடுப்பில் கட்டி, கவுனின் பிளவு வழியாகக் கையை விட்டு எடுப்பார்கள். செலீன் பையை மேசையில் கவிழ்த்துத் தட்டினாள். கடுகளவு சிவப்புத் துகள் ஒன்று விழுந்தது. அதை விரல் நுனியில் ஒற்றி எடுத்துப் பார்த்தாள். மேசையிலேயே திரும்ப வைத்தாள்.

நாடகத்தை எழுதிய றோஸ்மேரி கதவடியில் நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை. முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து, நூலகத்தில் மூன்று வருடம் படித்து எழுதிய நாடகம். 1787, பிலடெல்பியா. சாமுவேல் ஹார்ட்லி என்ற அரசியல்வாதி நாட்டுக்குச் சட்டம் எழுதும் சபையில் இருக்கிறார். அவருடைய வரைவுகளையெல்லாம் அழகான கையெழுத்தில் படியெடுத்துக் கொடுப்பவள் தங்கை ஹன்னா. அவளுடைய பெயர் எங்கேயும் வராது. கற்பனைக் குடும்பம் என்று துண்டுப்பிரசுரத்திலேயே போட்டிருந்தாள் றோஸ்மேரி.

முதலில் எழுதிய முடிவில் சாமுவேல் நாலு நிமிடம் முழங்குவார், அவருடைய மருமகள் ஒரு பாட்டுப் பாடுவாள், திரை விழும். வியாழக்கிழமை றோஸ்மேரி பேச்சையும் பாட்டையும் வெட்டிவிட்டாள். அதற்குப் பதிலாக, ஹன்னா அண்ணனுக்கு எழுதிய கடிதத்தை மேடையில் வாசிப்பாள். அந்தக் கடிதத்தை இன்று வரும்போது பஸ்ஸில்தான் எழுதி முடித்தாள். பிரதி கிடையாது.

"திரும்ப எழுதேலாதோ?"

"கருத்து வரும் செலீன். அந்த வசனங்கள் வராது."

செலீன் கண்ணை மூடி மாலையை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள்.

4.00 முதல் 4.25 வரை எல்லோரும் நடைபாதையில் தக்காளிச் சோஸ் தொட்டு றோல்ஸ் தின்று தேநீர் குடித்தார்கள். மேசையைத் துடைத்தவள் அவளே. 4.30க்கு இஸ்திரி போட்ட உடைகளை ஆளாளுக்குக் கையில் கொடுத்தாள். 4.35க்கு இதே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவளும் றோஸ்மேரியும் பேர்ணடெற்றும் கடிதத்தை மடித்தார்கள். அந்தக் காலத்தில் கடித உறை புழக்கத்தில் இல்லை, தாளையே மடித்து மெழுகு ஒட்டுவார்கள். ஆகவே பிள்ளைகள் படம் கீறும் சிவப்பு மெழுகுப் பென்சில் ஒன்றை உருக்கி முத்திரை வைத்தாள் செலீன். பேர்ணடெற் அதைப் பைக்குள் போட்டாள். பிறகு மூவரும் மேடையில் திரை கட்டப் போய்விட்டார்கள்.

திரும்பி வந்தது ஐந்து மணிக்கு. இடையில் இந்தப் பக்கம் வந்திருக்கக்கூடியவர்கள் மூன்று பேர்.

5.15. முதலில் தில்லையம்பலம். நாடகத்தின் இயக்குநர். காதில் ஒரு பேனா, கையில் ஒரு பேனா. வலது பெருவிரல் சிவந்திருந்தது.

"எங்கை இருந்தனீங்கள் அண்ணை?"

"லைற் பெட்டியடியிலை. குறிப்பு எழுதிக்கொண்டு."

"விரலிலை என்ன?"

"சிவப்பு மார்க்கர். மூடி கழண்டு போச்சு." குறிப்புத் தாளை நீட்டினார். முழுவதும் சிவப்புக் கோடுகள். "பிள்ளை, ஆறு மணிக்குள்ளை கிடைக்காட்டிப் பழைய முடிவுதான். எனக்கு அதுதான் முதலே பிடிச்சது, ஒளிக்கேல்லை."

5.20. நிரோஷினி. மருமகளாக நடிக்கும் பத்தொன்பது வயதுப் பெண். பாட்டு வெட்டுப்பட்டது இவளுக்குத்தான். பத்து விரலிலும் நகப்பூச்சு, சிவப்பு.

"பாட்டு போனது கவலையோ?"

"ஓம் அன்ரி. ரெண்டு நாள் அழுதன். பட் நான் எடுக்கேல்லை. ஐ ஸ்வெயர்."

"ஐந்து மணி வரைக்கும் எங்கை நிண்டனி?"

"பாத்றூம் கண்ணாடிக்கு முன்னாலை. கியூரெக்ஸ் காயுமட்டும் ஒண்டையும் தொடேலாது."

"அந்தக் காலத்துப் பெட்டை உப்பிடி நகம் பூசுவாளோ? துடைச்சுப்போட்டு வா."

5.25. மரியரட்ணம். சாமுவேல் ஹார்ட்லி. ஐம்பத்தெட்டு வயது, கணீரென்ற குரல். கறுப்புக் கோட்டு, முழங்கால் வரையான காற்சட்டை, வெள்ளை நீள்காலுறை, தலையில் பொய்முடி. உடையோடு கம்பீரமாக நாற்காலியில் அமர்ந்தார்.

"நான் உடுப்பு மாத்தினாப் பிறகு ஒரு மூலையிலை நிண்டு வசனம் சொல்லிப் பார்த்தனான்."

"பேச்சுப் போனதிலை கோவமோ அண்ணை?"

"கலைஞனுக்குக் கோவம் கூடாது தங்கச்சி."

செலீனின் பார்வை கீழே இறங்கியது. வலது கெண்டைக்காலில், வெள்ளைத் துணியில், சிவப்பாக ஒரு பொட்டு.

"உது என்ன?"

"எது? ஓ, சோஸ். றோல்ஸ் சாப்பிடேக்கை விழுந்திருக்கும்."

செலீன் தலையாட்டினாள். "எல்லாரையும் கூப்பிடுங்கோ," என்றாள்.

5.35. ஆறு பேரும் வகுப்பறையில் கூடினார்கள். செலீன் மேசையில் இருந்த சிவப்புத் துகளைக் காட்டினாள்.

"இது முத்திரை மெழுகு. எடுத்த ஆளிலை இந்தச் சிவப்பு ஒட்டியிருக்கும் எண்டு நினைச்சன். பார்த்தால் மூண்டு பேரிலையும் சிவப்பு. தில்லையம்பலம் அண்ணையின்ரை மார்க்கர், தாளிலும் இருக்கு. நிரோஷினியின்ரை கியூரெக்ஸ் இப்ப துடைச்சாச்சு, போத்தலும் இருக்கு. மற்றது சோஸ்."

அவள் மரியரட்ணத்தின் பக்கம் திரும்பினாள்.

"றோல்ஸ் முடிஞ்சது நாலு இருபத்தைஞ்சுக்கு. அந்தக் காலுறையை இஸ்திரி போட்டுச் சூட்டோடை நான் கையிலை குடுத்தது நாலரைக்கு. அப்ப அதிலை ஒரு தூசி இல்லை. பேந்து இந்தக் கட்டிடத்திலை ஆரும் சோஸ் போத்தலைத் திறக்கேல்லை. மரியரட்ணம் அண்ணை, சாப்பிட்டு முடிஞ்சாப் பிறகு போட்ட காலுறையிலை, சாப்பிடேக்கை எப்பிடிச் சோஸ் விழும்?"

மரியரட்ணம் வலது காலைப் பின்னுக்கு இழுத்தார்.

"அதோடை, சாப்பாடு வெளியிலை விழும். உந்தப் பொட்டு உள்ளுக்கிருந்து ஊறி வந்திருக்கு. பாவம், கோட்டிலை வைக்கத்தான் முதலிலை பார்த்திருப்பியள். அதிலை பொக்கற் இல்லை, துணி போதாமல் மேல்மூடி மட்டும்தான் தைச்சு விட்டனான். ஆக்கள் வாற சத்தம் கேட்டிருக்கும். காலுக்கை செருகிப்போட்டியள். கால்சூட்டிலை மெழுகு இளகிப் போச்சு."

மரியரட்ணம் மெல்லக் குனிந்தார். காலுறையின் விளிம்பை மடித்து, கெண்டைக்காலோடு ஒட்டியிருந்த தாளை உரித்தெடுத்தார். மூலை கொஞ்சம் கசங்கியிருந்தது. முத்திரை பரவியிருந்தாலும் உடையவில்லை.

"வாசிக்கேல்லை," என்றார். "கிழிக்கவும் இல்லை. நாடகம் முடியத் திருப்பி வைக்கிற எண்ணம்தான்."

"ஏனண்ணை?" என்றாள் றோஸ்மேரி.

"மகள் பிறம்ரனிலை இருந்து வாறாள். தன்ரை வெயர்ஹவுஸிலை வேலை செய்யிற ஆக்களையும் கூட்டிக்கொண்டு. அப்பா நாலு நிமிசம் பேசுவார், இருந்து பாருங்கோ எண்டு சொல்லி வைச்சிருக்கிறாள். ஏழு கிழமை பாடமாக்கினனான். ஒரு சொல்லும் இல்லாமல் முடிவிலை மரம் மாதிரி நிக்கிறதைப் பாத்தால் என்ன நினைப்பாள்?"

தில்லையம்பலத்துக்குக் கோபம் வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். றோஸ்மேரி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பேச்சைத் திருப்பித் தரமாட்டன்."

"தெரியும்."

"ஆனா ஒண்டு சொல்லுறன். அவள் வாசிக்கேக்கை சனம் பாதி நேரம் உங்கடை முகத்தைத்தான் பாக்கும். கேக்கிற ஆள் சரியாய்க் கேக்காட்டி அந்தக் கடிதத்துக்கு உயிரில்லை. உது பேசுறதிலும் பாக்கக் கஷ்டம். உங்களாலை ஏலுமோ ஏலாதோ?"

மரியரட்ணம் பொய்முடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு எழுந்து கடிதத்தைப் பேர்ணடெற்றின் கையில் கொடுத்தார்.

"மன்னிச்சுக்கொள்ளும் தங்கச்சி. எனக்கு வேறை காலுறை இருக்கோ செலீன்?"

"இல்லை. இடது பக்கத்தைச் சனத்துக்குக் காட்டி நில்லுங்கோ."

நிரோஷினிதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும்.

6.30க்குத் திரை திறந்தது. 8.10க்குக் கடைசிக் காட்சி. சாமுவேல் தன் பெரிய நாற்காலியில் இருந்தார். வீட்டில் அந்த நாற்காலி அவருக்கு மட்டும்தான். ஹன்னா நாடகம் முழுவதும் நின்றுகொண்டே எழுதியவள். அவள் கவுனின் பிளவுக்குள் கையை விட்டுக் கடிதத்தை எடுத்தாள். முத்திரையை உடைத்தாள்.

"அண்ணா, உங்கள் சட்டம் 'நாங்கள்' என்று தொடங்குகிறது. என் கையால்தான் அதைப் படியெடுத்தேன். 'நாங்கள்' என்று எழுதும்போது நீங்கள் யாரிடம் பேசுகிறீர்கள் என்று யோசித்தேன். என்னிடம்தான். நான் வெளியே நிற்கிறேன். அதை 'நாம்' என்று நீங்கள் மாற்றும் நாள்வரை, இனி எந்தத் தாளையும் படியெடுக்க மாட்டேன். என் தாள்களை நானே எழுதுவேன்."

சாமுவேலின் முகம் முதலில் இறுகியது, பிறகு சிவந்தது, பிறகு ஏதோ ஒரு வசனத்தில் முதுமை தட்டியது. அவர் எழுந்தார். அந்தப் பெரிய நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுவந்து மேசைக்கு முன்னால் தங்கையின் பக்கத்தில் வைத்தார். ஒதுங்கி நின்றார்.

பேர்ணடெற் ஒரு கணம் திகைத்து, பிறகு அமர்ந்தாள். இறகுப் பேனாவை எடுத்தாள். திரை விழுந்தது.

மறைவில் நின்ற றோஸ்மேரி செலீனின் கையைப் பிடித்தாள்.

"நாற்காலி நான் எழுதேல்லை," என்றாள்.

திரைக்கு அப்பால் நானூறு பேரும் எழுந்து கை தட்டினார்கள். முன்வரிசையில் பிறம்ரன்காரர் பத்துப் பேர் நின்றார்கள், அவர்களுக்கு நடுவில் ஒரு பெண் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்துக்கொண்டிருந்தாள்.