மஞ்சளாகாத கட்டம்

முஸ்பிறாவின் ஸ்கூட்டியை ஒரு வேன் இடித்துத் தள்ளி நாற்பது மணி நேரம், பன்னிரண்டு நிமிடம்.

திங்கட்கிழமை. காலை 10.32.

கல்முனை பிரதான வீதி. வெளிநாட்டு வேலைக்குப் பெண்களை அனுப்பும் அந்தச் சின்ன ஆபீஸில் டெலிபோன் அலறியது!

முதலாளி இன்ஷாப் கண்ணாடி அறைக்குள் பாய்ந்து எடுத்தார்.

"ஹலோ... ஓம்... எப்ப?... ஆள்?"

றிசீவரை மெல்ல வைத்தார். வெளியே வந்தார்.

"கிட்டங்கிப் பாலத்துக்குக் கீழ ஆத்துக்குள்ள இரிந்து ஸ்கூட்டிய எடுத்திட்டாங்களாம்."

"முஸ்பிறா?" முன்மேசையிலிருந்து எழுந்தாள் லைலா.

"இல்ல. மையித்தும் இல்ல... முதல இழுத்திரிக்கும் எண்டு கதைக்கிறானுகள்."

"யா அல்லாஹ்!"

மூலை மேசையிலிருந்த ஸில்மியா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

வயது இருபத்து நான்கு. விஞ்ஞானப் பட்டதாரி. வேலைக்குச் சேர்ந்து பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் அவள் பேசியதை எழுதினால் அரைத் தாள் நிரம்பாது.

பக்கத்துக் கதிரை காலி. முஸ்பிறாவின் கதிரை.

சனிக்கிழமை அந்தி, மஃரிப் நேரம். நல்ல மழை. பாலத்தில் நடந்ததைக் கண்டவர் தூண்டிலோடு நின்ற ஒரே ஒருவர். வேனின் நிறம்கூட அவருக்குத் தெரியவில்லை.

லைலா தேநீர்க் கோப்பையோடு வந்தாள். இருபது வருடமாக இங்கே கடிதம் தட்டுபவள். எல்லோருக்கும் றாத்தா, மூத்த அக்கா.

"குடி புள்ள. காலையில இரிந்து ஒண்டும் குடிக்கல்ல."

"வேணா றாத்தா..."

"குடிகா! நீயும் விழுந்தா ஆள் தேடி நான் எங்க போற?"

ஸில்மியா கோப்பையை வாங்கினாள். குடிக்கவில்லை.

"வியாழக்கிழமை பதினொரு புள்ளைகள் பிளைட் ஏறணும் மகள். ஷீட்டுல காலியாக் கிடக்கிற கட்டமெல்லாம் மஞ்சளாக்கு. என்ன விபரம் குறையுதெண்டு பாப்பம். முஸ்பிறா செய்வாளே... கண்டிஷனல் போர்மட்டிங்கோ என்னவோ."

"ஓம் றாத்தா."

எக்ஸல் ஷீட் திறந்தது. இணையத்தில் இருக்கும் ஷீட். கடவுச்சொல் தெரிந்தால் எங்கிருந்தும் திறக்கலாம். எல்லோருக்கும் ஒரே கணக்கு. யார் எழுதினாலும் திரையில் 'ஆபீஸ்' என்றுதான் காட்டும்.

கண்டிஷனல் போர்மட்டிங்.

புதிய விதி. நிபந்தனை: கட்டம் காலியாக இருந்தால். நிறம்: மஞ்சள்.

தட்டினாள்.

'குறிப்பு' என்ற கடைசி நிரலில் இதுவரை யாரும் எதுவும் எழுதியதில்லை. அது மேலிருந்து கீழ்வரை மஞ்சளாகியது.

ஒரு கட்டத்தைத் தவிர!

பதினாலாவது வரி. வெள்ளை.

அதற்குள் ஒன்றுமே தெரியவில்லை. ஆனாலும் மஞ்சளாகவில்லை. அப்படியென்றால்... அது காலி இல்லை!

அதைத் தொட்டாள். மேலே இருந்த நீளப் பட்டியில் நாலு ஆங்கில எழுத்துகள் விழுந்தன.

சி... ஜே... டி... பி...

குப்பையா?

இல்லை. பழைய பாமினி எழுத்துருவில் தமிழ் தட்டினால் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துத்தான். யாரோ பாமினியில் தட்டி, எழுத்தின் நிறத்தை வெள்ளையாக்கியிருக்கிறார்கள். வெள்ளைக் கட்டத்தில் வெள்ளை எழுத்து!

ஸில்மியா நிறத்தைக் கறுப்பாக்கினாள்.

*உதவி.*

அவள் திரைக்கு அருகே குனிந்தாள்.

அப்போது அடுத்த கட்டத்தின் மஞ்சள் அணைந்தது. அவள் கண்முன்னாலேயே!

யாரோ எழுதுகிறார்கள். இப்போது... இந்த நிமிடம்!

கறுப்பாக்கினாள்.

*நான் முஸ்பிறா. சாகவில்லை.*

ஸில்மியா திரையைப் பார்க்கவில்லை. ஆபீஸைப் பார்த்தாள். கண்ணாடி அறைக்குள் இன்ஷாப் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்தார். லைலா வழக்கம்போல் கடிதம் தட்டிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு மஞ்சள் அணைந்தது.

*சிவப்புப் பட்டியல் உன்னிடம் இருக்கிறதா?*

சிவப்புப் பட்டியல்!

சனிக்கிழமை பின்னேரம் முஸ்பிறா இதே ஷீட்டில் ஒரு விதி போட்டாள். இங்கே அடையாள அட்டை இலக்கத்தின் முதல் நாலு எண் பிறந்த வருடம். அதுவும் விண்ணப்பத்தில் எழுதிய வருடமும் ஒத்துப்போகாவிட்டால் அந்த வரி சிவக்க வேண்டும். அவ்வளவுதான்.

பதினொரு வரி சிவந்தன!

"இஞ்ச பாரு ஸில்மியா," என்று கிசுகிசுத்தாள் முஸ்பிறா. "பொத்துவில் புள்ள. அட்டையில 2008. போமில 2001. பதினேழு வயசுப் புள்ளய இருபத்திநாலெண்டு அனுப்பப் போறாங்க. வியாழன் போற பதினொண்டும் இப்படித்தான்!"

"யார் மாத்தின?"

"தெரியா. இந்த ஆபீஸுக்குள்ள ஒராள்தான். திங்கள் பொலிசுக்குப் போறன்."

இரண்டு மணி நேரத்தில் பாலத்தில் வேன் வந்தது. அன்றிரவே ஷீட்டிலிருந்து சிவப்பும் போனது.

ஸில்மியா அடுத்த கட்டத்தில் தட்டினாள்.

*ஓம். இருக்கு.*

"என்ன புள்ள இது?"

தலைக்கு மேல் குரல்! இன்ஷாப்!

ஸில்மியா ஒரே தட்டில் நிரல் முழுவதையும் வெள்ளை எழுத்தாக்கினாள்.

"கா... காலிக் கட்டம் பாக்கிறன் சேர்..."

அவர் குனிந்தார். சென்ட் வாசம் முகத்தில் அடித்தது.

"சனிக்கிழமை முஸ்பிறா சிவப்பு அடிச்சா. இண்டைக்கு நீ மஞ்சள். நாளைக்குப் பச்சையும் அடிச்சா சந்தியில ட்ரபிக் லைட்டுக்குப் பதிலா ஷீட்டத்தான் தூக்கணும்!"

அவருக்கும் சிவப்பு தெரியும்!

"இந்த நாலு கட்டம் மட்டும் ஏன் வெள்ளை?"

"தெ... தெரியா சேர்."

"படிச்சு என்னத்துக்கு?" என்றபடி போனார்.

ஸில்மியா கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். திரையில் கடைசிச் செய்தி வெள்ளையில் காத்திருந்தது. கறுப்பாக்கினாள்.

*இன்ஷாப்தான் இடித்தான். பட்டியலைப் பென்டிரைவில் எடு. நாலரை மணி. கடற்கரையில் மூடிக் கிடக்கும் ஐஸ் வாடி. பொலிசுக்குப் போனால் நான் சாவேன்.*

எழுந்தாள். முகம் கழுவும் அறைக்குள் போய்த் தாழ் போட்டாள். தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். ஐந்து நிமிடம்.

வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. நேராக லைலாவிடம் போனாள்.

"றாத்தா... ஒரு விசயம். ஒருத்தருக்கும் சொல்லாதீங்க."

சொன்னாள். லைலா நெஞ்சில் கை வைத்தாள்.

"அல்லாஹ்வே! உசிரோட இரிக்காளா?"

"மெதுவா றாத்தா... சேர் உள்ளுக்கு இரிக்கார்."

"வேற யார்ட்டயும் சொன்னியா?"

"இல்ல."

"பொலிசுக்கு?"

"பயம் றாத்தா."

"நல்ல புள்ள." லைலா அவள் தலையைத் தடவினாள். "தனிய போகாத. நானும் வாறன்."

மாலை 4.21.

ஆபீஸ் வேனை லைலாவே பின்பக்கத்திலிருந்து எடுத்து வந்தாள்.

ஸில்மியா ஏறப் போனவள் நின்றாள். முன் பம்பரில் நீளமாக ஒரு கீறல். அதன்மேல் ஒட்டியிருந்தது சிவப்புப் பெயின்ட்.

முஸ்பிறாவின் ஸ்கூட்டியும் சிவப்பு!

"என்ன புள்ள பாக்கிற? ஏறு."

"ஒண்டுமில்ல..."

ஏறினாள். கதவு சாத்திக்கொண்டது.

கடற்கரை வெறிச்சென்று கிடந்தது. கரையில் ஏற்றிய இரண்டு தோணிகள். அவற்றுக்கு அப்பால் துருப்பிடித்த தகரக் கதவோடு ஐஸ் வாடி, மீனுக்கு ஐஸ் உடைக்கும் பழைய கொட்டகை.

உள்ளே இருட்டு. பழைய மீன் வெடில்.

"முஸ்பிறா?" ஸில்மியாவின் குரல் சுவரில் மோதித் திரும்பியது. "முஸ்பிறா..."



பின்னால் தாழ் விழுந்தது!

"பென்டிரைவத் தா மகள்," என்றாள் லைலா.

அதே குரல். குடிகா என்ற அதே குரல். கையில் மட்டும் ஐஸ் உடைக்கும் இரும்புக் கூர்க்கம்பி!

"றாத்தா... நீங்களா?"

"தா!"

ஸில்மியா பின்னால் நகர்ந்தாள். முதுகில் ஈரச் சுவர் இடித்தது. இனி இடமில்லை.

"அந்தப் புள்ளைகள்ற வயச மாத்தினது நீங்களா?"

"வேற யாரு? இன்ஷாபுக்குக் கையெழுத்து வைக்க மட்டுந்தான் தெரியும். வீடு வீடாப் போய்ப் புள்ளைகளக் கூட்டி வாற நான். பதினேழுக்கும் இருபத்திநாலுக்கும் என்னடி வித்தியாசம்? ஏழு வருசம் முந்தி உழைக்குங்கள்!"

"அங்க அதுகளுக்கு ஒண்டு நடந்தா?"

"இஞ்ச உனக்கு நடக்கப் போறத யோசி."

ஸில்மியா கம்பியின் கூரையே பார்த்தாள். ஆனாலும் பேசினாள். வாழ்நாளில் இவ்வளவு நேரம் அவள் பேசியதில்லை.

"ஷீட்டுல எழுதினதும் நீங்கதான். எனக்கித் தெரியும்."

"தெரியுமா?" கம்பி ஒரு கணம் நின்றது. "எப்படி?"

"பாமினி. முஸ்பிறா தமிழ போன்ல அடிக்கிற மாதிரி இங்கிலீஷ் ஒலியிலதான் அடிக்கிற. பாமினி அவக்குத் தெரியா. சேருக்குத் தமிழே அடிக்கத் தெரியா. இருபது வருசப் பழக்கம் றாத்தா... கை தானாப் போயிரிக்கி."

லைலா சிரித்தாள். சிரிப்பு அந்தத் தகரத்துக்குள் கடகடத்தது.

"கெட்டிக்காரி! அப்ப தெரிஞ்சுகொண்டா வந்த? விசரி! ஓம், எழுதினது நாந்தான். பாலத்துல இடிச்சதும் நாந்தான். யார்ட்ட போய்ச் சொல்லப் போற? கண்ட ஒருத்தி முதலைர வயித்துக்குள்ள. மற்றவ..."

கம்பி உயர்ந்தது!

டமார்!

கதவில் விழுந்த அடி அது.

"பொலிஸ்! கதவத் திற!"

லைலா உறைந்தாள். கம்பி அவள் தலைக்கு மேலேயே நின்றது.

"பொ... பொலிசா? நீ சொல்லல்லையே! பயமெண்டாயே!"

"பயந்தான் றாத்தா. இப்பயும் பயந்தான். முகம் கழுவப் போன நேரமே சொல்லிட்டன்."

ஸில்மியா அபாயாப் பையிலிருந்து போனை எடுத்தாள். அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்தொரு நிமிடம்.

"சொன்னா என்ன?" லைலா கத்தினாள். "சாட்சி யாரு? நீ சொன்னா நம்புவாங்களா? பதினொரு நாள் வேல செஞ்ச ஒரு ஊமச்சி! முஸ்பிறா வந்து சொல்லுவாளா?"

டமார்! தகரம் வளைந்தது. தாழ் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.

போனுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

தும்மல்!

லைலாவின் கையிலிருந்து கம்பி நழுவி விழுந்தது.

"அது... அது யாரு?"

"'நான் முஸ்பிறா' எண்டு ஷீட்டுல வாசிச்ச உடனேயே எனக்கு ஈரக்குல நடுங்கினது," என்றாள் ஸில்மியா. "அவ எழுதல்லயெண்டு எனக்குத் தெரியும். அப்ப எழுதின ஆள்தான் இடிச்ச ஆள். அந்த ஆள் எனக்குப் பக்கத்துலயே இரிந்து தட்டுது..."

"அது யாரெண்டு கேக்கிறன்!"

டமார்! தாழ் பிய்ந்து பறந்தது. வெளிச்சம் உள்ளே பாய்ந்தது.

"பாலம் கடந்தா சவளக்கடை. எங்கட ஊர்," என்றாள் ஸில்மியா. "முஸ்பிறா நீந்திக் கரையேறி, வயல் வரம்பால நடந்து எங்கட வீட்டுக் கதவத்தான் தட்டினா. யார் இடிச்சதெண்டு தெரியும் வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லல்ல. சனிக்கிழமையில இரிந்து என்ட கட்டில்லதான் படுத்துக் கிடக்கா, இதெல்லாம் போன்ல கேட்டுக்கொண்டு இரிக்கா றாத்தா... தடிமன் மட்டுந்தான்!"

லைலா அப்படியே ஈரத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரே பேர் ரெண்டு இடத்துல வந்தா ஒண்டு டூப்ளிகேட்." ஸில்மியா முதல்முறையாகச் சிரித்தாள். "எக்ஸல் அதுக்குச் சிவப்பு அடிக்கும். பொலிஸ் விலங்கு அடிக்கும்!"