ஒற்றைச் சாவி

பின்னால் இரண்டு பேர் நடந்து வருகிற சத்தம் கேட்டது. பூபதி திரும்பிப் பார்த்தால் அவன் மனைவி சுகுணா மட்டும்தான் மூங்கில் புதர் வளைவில் வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் ஊன்றுகுச்சி, இன்னொரு கை இடுப்பில், ஊரில் உள்ள கோபமெல்லாம் முகத்தில்.

மதியச் சாப்பாட்டுக்கு மலை உச்சி லாட்ஜைப் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் அவன் போட்ட திட்டம். சூரியன் மேற்கே சாய்ந்தாகிவிட்டது, இன்னும் பாதி ஏற்றம் பாக்கி. ஓசூர் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு சூப்பர்வைசர் அவன். மெஷின் நின்றுபோனால் எதிரில் இருப்பவனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவான். சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். மத்திகிரித் தெருவைச் சுற்றி வந்தால் போதாதா? அஞ்செட்டிக் காட்டையே ஏறிக் கடக்கிறேன் என்று கிளம்பியவன், ஊத்தங்கரையில் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றவளையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தான்.

"இந்த நடை நடந்தா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்" என்றான்.

"என் பின்னாடியே யாரோ வந்துனு இருக்காங்க. நான் நின்னா அவங்களும் நிக்கறாங்க."

"மாடு மேய்க்கறவங்களா இருக்கும். நடக்காம இருக்க உனக்கு ஒரு சாக்கு."

"சாக்கெல்லாம் இல்லைங்க. கொஞ்சம் கூடவே வாங்களேன்."

கூட நடந்திருக்கலாம். ஆனால் காலையிலிருந்து நின்று நின்று அவனுக்கு வெறுத்துப்போயிருந்தது. பாதை ஒன்றுதான், வந்து சேர், நான் முன்னால் போய் டீக்குச் சொல்கிறேன் என்று விறுவிறுவென ஏறிவிட்டான்.

அதற்குப் பிறகு வந்த வழி அவனுக்குப் பிடிக்கவில்லை. உண்ணிச்செடிகள் இரண்டு பக்கமும் தோளை உரசின, எங்கோ யானைச் சாணம் காய்ந்த வாடையோடு ஈரக் களிமண் வாடையும் கலந்து வந்தது, மழை பெய்தே மாதக்கணக்கான காட்டில் ஈர வாடை எப்படி வருகிறது என்று யோசித்தபடியே நடந்தான், வெகு கீழே நெடுஞ்சாலை லாரிகளின் ஹாரன் கொசு கத்துவதுபோலக் கேட்டு அதுவும் ஓய்ந்துபோனது. பின்னாலிருந்து குச்சி ஊன்றுகிற சத்தம் மட்டும் விடாமல் வந்தது. சில நேரம் அது இரட்டையாகக் கேட்டது. எதிரொலி என்று வைத்துக்கொண்டான்.

லாட்ஜில் வேறு விருந்தாளிகள் இல்லை. காவலாளி கங்கப்பன் கையில் பையோடு தயாராக நின்றிருந்தார்.

"ஆனை நடமாட்டம் சார், வெளிச்சம் இருக்கறப்பவே நான் கீழ எறங்கிடணும். பின்கட்டுல சாப்பாடு இருக்கு, சுட வெச்சுக்குங்க. ரூம் கதவுக்குத் தாப்பாள் சரியில்ல. கொரங்கு பூந்துடும், பாத்துக்குங்க."

சொல்லிவிட்டு மலையின் மறுபக்கமாகத் தன் ஊருக்கு இறங்கிப் போய்விட்டார். சற்று நேரத்தில் சுகுணா வந்து சேர்ந்தாள். அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக அறைக்குள் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, போர்வையை இழுத்துக்கொண்டாள். கோபம் என்றால் கத்துகிறவள், இன்று வாயே திறக்காதது அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பின்கட்டுக்குப் போகுமுன் கதவை எப்படி அடைப்பது என்று பார்த்தான். பையில் தொழிற்சாலைப் பூட்டு தொங்கியது, அவன் போட்டோ ஒட்டிய சிவப்புப் பூட்டு. மெஷினுக்குள் ஆள் இறங்கி வேலை செய்யும்போது, யாரும் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக மாட்டுவது. பூட்டு ஆளுக்கு ஒன்று, சாவியும் ஒன்றே ஒன்று, மாட்டியவன்தான் திறக்க வேண்டும், முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. உள்ளே ஆள் இருந்தால் பூட்டு மாட்டுவது அவனுக்குக் கைப்பழக்கம். கதவின் வெளிக் கொண்டியில் மாட்டினான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சாம்பார் கொதி வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. ஜன்னலில் மிச்சமிருந்த சாம்பல் வெளிச்சத்தில் அடுப்பை அணைத்தான்.

குச்சிச் சத்தம் கேட்டது.

வெளியே, பாதையில்.

முற்றத்துக்கு வந்தான். சுகுணா நொண்டிக்கொண்டே ஏறி வந்தாள்.

"மனுசனா நீங்க? பொண்டாட்டிய காட்டுல விட்டுட்டு உங்க பாட்டுக்கு வந்துட்டீங்களே. பின்னாடி வந்துனு இருந்தது என்னைத் தாண்டிக்கிட்டு மேல போச்சுங்க. என் பொடவை. என் நடை. உங்ககிட்டதான் வந்திருக்கும்."

பூபதி பூட்டிய அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான். திட்டுகிறாள். இவள்தான் சுகுணா. அப்படியானால் உள்ளே? வாய் திறக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பது? பயத்தோடு பயமாக ஒரு நிம்மதியும் வந்தது. நல்லவேளை, பூட்டியிருக்கிறான்.

கதவு அசைந்தது.

"ஏங்க" என்றது உள்ளேயிருந்து, தூக்கம் கலையாத குரல். "அசந்து தூங்கிட்டேன். யாருகிட்ட பேசினு இருக்கீங்க? கதவு ஏன் வெளிய பூட்டியிருக்கு?"

அதே குரல். அதே இழுப்பு.

"தெறக்காதீங்க" என்று பக்கத்தில் நின்றவள் அவன் கையைப் பிடித்தாள். கை ஜில்லென்று இருந்தது. மலைக்காற்று.

"ஏங்க, வெளிய யாரு? அது என்னை மாதிரியே பேசுதுங்க. கோவத்துல பேசாம படுத்துட்டேன், அவ்வளவுதான். தெறங்க."

"நம்பாதீங்க. உங்களுக்கு மனசு கேக்காது, தெறந்துடுவீங்க. சாவிய எங்கிட்ட குடுங்க."

காலையிலிருந்து அவள் சொன்ன எதையும் அவன் கேட்கவில்லை. கூடவே வரச் சொன்னாள், வரவில்லை. இதையாவது கேட்போம் என்று தோன்றியது. சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாத்திரை போட்டுக்கொள்வதுபோல நாக்கில் வைத்தாள். விழுங்கினாள்.

தொண்டையில் அது இறங்கியது. மெதுவாக. மேடாக. தாலிக்கயிற்றைத் தாண்டி.

ஈரக் களிமண் வாடை.

பூபதி கத்த வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. காற்றுகூட வரவில்லை. கதவு தடதடவென்று அதிர்ந்தது. உள்ளே சுகுணா அழுதாள்.

"ஏங்க, பயமா இருக்குங்க. இருக்கீங்களா?"

முற்றத்தில் நின்றது கதவருகே போய், பலகையில் கன்னத்தை ஒட்டிவைத்துக்கொண்டது. கண் மட்டும் பூபதி மேலேயே இருந்தது. வாயைத் திறந்து, பூபதியின் குரலில், அவனுடைய அதே எரிச்சலோடு சொன்னது:

"சும்மா கத்தாதே சுகுணா. இங்கதான் இருக்கேன். இதோ வர்றேன்."